ஒருவருக்கு ஏன் வந்தது, ஓர் ஊருக்கு ஏன் இவ்வளவு வந்தது: காசநோய் வழியே நோயின் அடிப்படைகள்

2025-ஆம் ஆண்டுக்குள் காசநோயை ஒழித்துவிடுவோம் என்று இந்தியா வைத்த இலக்கு எட்டப்படவில்லை. 2015-இல் ஒரு லட்சம் பேரில் 237 பேருக்குப் புதிதாக நோய் வந்துகொண்டிருந்தது. அதை 80 விழுக்காடு குறைக்க வேண்டும், இறப்புகளை 90 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பதுதான் அந்த இலக்கின் உள்கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2024-க்கான எண் 187. ஒன்பது ஆண்டுகளில் சுமார் 21 விழுக்காடு இறக்கம். உலகச் சராசரியைவிட இது வேகமானதுதான். ஆனாலும் 80 எங்கே, 21 எங்கே.

இந்தச் செய்தியைப் படிக்கிற யாருக்கும் ஒரு குழப்பம் வரும். நோய்க்கிருமி எது என்று 1882-லேயே தெரிந்துவிட்டது. குணப்படுத்தும் மருந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கையில் இருக்கிறது. பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம். அப்புறம் ஏன் போகவில்லை?

மருத்துவ மாணவர்கள் நோயியலை ஒரு வகுப்பிலும் சமூக மருத்துவத்தை இன்னொரு வகுப்பிலும் படிக்கிறார்கள். முதல் வகுப்பு, இந்த நோயாளிக்கு இந்த நோய் ஏன் வந்தது என்று கேட்கிறது. இரண்டாவது, இந்த மக்கள்கூட்டத்தில் இந்த நோய் ஏன் இத்தனை பேருக்கு வருகிறது என்று கேட்கிறது. இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும். பதில்கள் வேறு வேறு. ஒன்றின் பதிலை எடுத்து இன்னொன்றுக்குப் போட்டதால்தான் காசநோயில் பல முடிவுகள் தவறிப்போயின என்பது என் வாதம். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

தொற்று வேறு, நோய் வேறு

1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார். இறப்பவர்களில் ஏழில் ஒருவர் இந்த நோயால் இறக்கிறார் என்று அந்த உரையிலேயே சொன்னார். அதுவரை பரம்பரை, உடல்வாகு, கெட்ட காற்று என்று பேசிக்கொண்டிருந்த ஒரு நோய்க்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு காரணம் கிடைத்தது. அது மிகப் பெரிய முன்னேற்றம். அதோடு, கிருமி வந்தால் நோய் வந்தது என்று நினைக்கும் பழக்கமும் சேர்ந்து வந்தது.

உண்மை நிலவரம் இது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளானவர். அவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோய் வருகிறது. அதிலும் பெரும்பகுதி தொற்று ஏற்பட்ட முதல் இரண்டு ஆண்டுகளிலேயே வந்துவிடுகிறது. மற்றவர்கள் கிருமியைச் சுமந்தோ, அதை முற்றிலும் அழித்தோ, எதுவும் தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

இதற்கு வரலாற்றில் ஒரு துயரமான சான்று உண்டு. 1929-30-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் காசநோய்க்கான பிசிஜி தடுப்பு மருந்து தயாரித்த ஆய்வகத்தில், நோய் உண்டாக்கும் உண்மையான காசநோய்க் கிருமி தவறுதலாகக் கலந்துவிட்டது. 251 பச்சிளம் குழந்தைகளுக்கு அதை வாய்வழியாகக் கொடுத்தார்கள். 72 குழந்தைகள் இறந்தன. 135 குழந்தைகளுக்கு நோய் வந்து பின் தேறின. 44 குழந்தைகளுக்குத் தோல் பரிசோதனையில் தொற்று தெரிந்ததே தவிர நோய் வரவில்லை. அன்றைக்கு அந்தக் குழந்தைகளைக் காப்பாற்ற மருந்து எதுவும் கிடையாது. ஒரே ஊர், ஒரே வயது, ஒரே கிருமி. கொடுக்கப்பட்ட அளவில் வேறுபாடு இருந்தது, குழந்தைகளின் உடலிலும் வேறுபாடு இருந்தது. முடிவு மூன்று விதமாகப் பிரிந்தது.

இனி வரும் இடங்களில் தொற்று என்றால் கிருமி உடலில் குடியேறிய நிலை. நோய் என்றால் அது பெருகி, திசுவை அழித்து, பெரும்பாலும் மற்றவருக்கும் பரவத் தொடங்கிய நிலை. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போகும் பாதையில் என்ன நடக்கிறது என்பதுதான் நோயியலின் வேலை.

நுரையீரலுக்குள் நடப்பது

1. நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் துளிகளில் பெரியவை தரையில் விழுந்துவிடும், அல்லது மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள நுண்துளிகள் மட்டும் காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதந்து, நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும். அதனால்தான் தட்டு, டம்ளர், துணி வழியாக இந்த நோய் பரவுவதில்லை. வீட்டில் நோயாளிக்குத் தனித் தட்டு வைக்கும் வழக்கத்தால் மனவேதனை தவிர ஒரு பயனும் இல்லை. சன்னலைத் திறந்து வைப்பதில் பயன் உண்டு.

2. காற்றுப்பையில் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல் கிருமியை விழுங்குகிறது. வழக்கமாக விழுங்கிய கிருமியை அமிலமும் நொதிகளும் நிறைந்த ஒரு பையோடு சேர்த்துச் செரித்துவிடும். காசநோய்க் கிருமி அந்தச் சேர்க்கையைத் தடுத்து, செல்லுக்குள்ளேயே பெருகுகிறது. ஆனால் மிக மெதுவாக. குடலில் வாழும் ஈ.கோலி சுமார் 20 நிமிடத்தில் இரண்டாகிறது என்றால், இது இரண்டாக ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இந்த மெதுவான போக்கை நினைவில் வையுங்கள். இருமல் தொடங்கி மாதங்கள் கழித்து மருத்துவரிடம் வருவதற்கும், மருந்தை மாதக்கணக்கில் சாப்பிடவேண்டியிருப்பதற்கும் இதில் பங்கு இருக்கிறது.

3. சில வாரங்களில் எதிர்ப்பாற்றலின் இன்னொரு படையான டி செல்கள் வந்து சேர்கின்றன. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற வேதித்தூது மேக்ரோஃபேஜ்களுக்குக் கொல்லும் வலிமையைக் கொடுக்கிறது. எல்லாச் செல்களும் கிருமியைச் சூழ்ந்து ஒரு முடிச்சாகின்றன. இதுதான் கிரானுலோமா. மான்டோ தோல் பரிசோதனை நேர்மறையாவது இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலானவர்களுக்குக் கதை இங்கே முடிகிறது. பல ஆண்டுகள் கழித்து வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்-ரேயில் சுண்ணாம்பு படிந்த ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான்.

4. அந்த முடிச்சு தானாக நிலைத்திருப்பதில்லை. அதை நாள்தோறும் கட்டிக்காக்க டிஎன்எஃப் என்ற வேதித்தூது தேவை. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்து டிஎன்எஃப்-ஐத் தடுக்கிறது. அந்த மருந்து சந்தைக்கு வந்த சில ஆண்டுகளில், 2001-இல், அதை எடுத்துக்கொண்டவர்களுக்கு உறங்கிக்கிடந்த காசநோய் விழித்தெழுவது தெரியவந்தது. இன்று அந்த வகை மருந்தைத் தொடங்குமுன் காசநோய்த் தொற்று இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். எச்ஐவி டி செல்களை அழிக்கிறது. சிகிச்சை பெறாத எச்ஐவி நோயாளிக்கு, மற்றவருக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கும் ஆபத்து ஒரே ஆண்டில் வந்துவிடுகிறது.

5. கட்டுப்பாடு தளர்ந்தால் முடிச்சின் நடுப்பகுதி பாலாடைக்கட்டி போல் சிதைகிறது, பிறகு திரவமாகிறது, மூச்சுக்குழாயை அரித்துக்கொண்டு திறக்கிறது. குழி விழுகிறது. ஆக்சிஜன் நிறைந்த அந்தக் குழிச் சுவரில் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகி இருமலோடு வெளியேறுகின்றன.

கடைசிக் கட்டத்தில் மாணவர்கள் பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. குழியை உண்டாக்குவதில் கிருமியைவிட நம் எதிர்ப்பாற்றலின் பங்கு பெரிது. எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்த எச்ஐவி நோயாளியிடம் குழி விழுவது குறைவு. எக்ஸ்-ரே ஏறக்குறைய இயல்பாகத் தெரியலாம். சளியில் கிருமி தெரியாமல் போகலாம். ஆனால் அவருடைய உடல் முழுவதும் நோய் பரவியிருக்கும். நல்ல எக்ஸ்-ரேயைப் பார்த்து நிம்மதியடைந்து அனுப்பிவிட்டால் அவரை இழக்க நேரிடும்.

காரணம் என்றால் என்ன

தேவையான காரணம் என்றால் அது இல்லாமல் நோய் வரவே முடியாது. போதுமான காரணம் என்றால் அது இருந்தால் நோய் வந்தே தீரும். காசநோய்க் கிருமி முதல் வகை, இரண்டாவது வகையல்ல. அமெரிக்கத் தொற்றுநோயியல் அறிஞர் கென்னத் ராத்மன் 1976-இல் இதை ஒரு மாதிரியாக வடித்தார். தனித்தனியாகப் போதாத பல காரணக்கூறுகள் ஒன்றுசேரும்போதுதான் ஒரு போதுமான காரணம் முழுமையாகிறது. ஒருவருக்குக் கிருமியும் சர்க்கரை நோயும் புகையும் சேர்ந்து நோய் வரலாம். இன்னொருவருக்குக் கிருமியும் பசியும் நெருக்கமான அறையும் சேர்ந்து வரலாம். எந்தக் கூறை எடுத்துவிட்டாலும் அந்தச் சேர்க்கை முழுமையடையாது.

ஊட்டச்சத்துக் குறைவு, மது, புகை, எச்ஐவி, சர்க்கரை நோய் என்று உலக அளவில் காசநோய்க்கான காரணக்கூறுகளைப் பட்டியலிடுவார்கள். முதலிடம் ஊட்டச்சத்துக் குறைவுக்கு. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் பிஎம்ஐ ஒரு புள்ளி குறையும்போதெல்லாம் காசநோய் வரும் வீதம் ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுவது தெரிந்தது. பசித்த உடலில் டி செல்களின் எண்ணிக்கையும் வேலையும் குறைகின்றன. மேலே நான்காவது கட்டத்தில் சொன்ன காவல் தளர்கிறது. இன்ஃப்ளிக்ஸிமாப் செய்வதைப் பட்டினியும் வேறு வழியில் செய்கிறது. முதலாவதற்கு மருந்துச்சீட்டில் எச்சரிக்கை இருக்கிறது. இரண்டாவதைப் பல நோயாளிகளின் குறிப்பேட்டில் யாரும் எழுதுவதுகூட இல்லை.

மருந்து வந்தது, கிருமியும் கற்றுக்கொண்டது

காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது போதிய அளவில் கிடைக்காத போருக்குப் பிந்தைய பிரிட்டனில், இருப்பதை யாருக்குக் கொடுப்பது என்ற நெருக்கடியிலிருந்து, மருத்துவ வரலாற்றின் முக்கியமான ஓர் ஆய்வு பிறந்தது. புள்ளியியல் அறிஞர் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த முறையில், குலுக்கல் போலத் தற்செயலாக நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். 55 பேருக்கு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948-இல் முடிவு வெளியானது.

ஆனால் தொடர்ந்து கவனித்தபோது அந்த நன்மையில் பெரும்பகுதி கரைந்துபோனது. மருந்து பெற்றவர்கள் பலருடைய கிருமி ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காததாகிவிட்டது.

கணக்கைப் பார்த்தால் இதில் வியப்பில்லை. ஒரு குழியில் சுமார் 10 கோடி கிருமிகள் இருக்கலாம். ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்துக்கு அடங்காத ஒரு கிருமி இயல்பான மரபணு மாற்றத்தால் ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்றாக ஏற்கெனவே அங்கே இருக்கும். ஒரு மருந்து மட்டும் கொடுத்தால் மற்றவை சாகும், இந்த நூறு தப்பிக்கும், சில மாதங்களில் குழி முழுவதும் அவற்றின் வாரிசுகள். ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்துக்கு அடங்காதது 10 கோடியில் ஒன்று. இரண்டுக்கும் ஒருசேர அடங்காதது இருக்க வேண்டுமென்றால் இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும்: கோடி கோடியில் ஒன்று. அத்தனை கிருமிகள் எந்த நோயாளியின் உடலிலும் இருக்காது. காசநோய்க்கு ஒரே நேரத்தில் பல மருந்துகள் கொடுப்பதன் தர்க்கம் முழுவதும் இந்தப் பெருக்கலில் இருக்கிறது. ஒரு நோயாளி நான்கில் ஒரு மாத்திரையை மட்டும் விட்டுவிடுவதும், மருந்துக்கடையில் ஒரு மருந்து மட்டும் தீர்ந்துபோவதும் ஏன் ஆபத்து என்பதும் இதிலிருந்தே புரியும்.

சேத்துப்பட்டில் நடந்த ஆய்வு

1950-களில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரமும் மதனப்பள்ளியும் அப்படிப்பட்ட இடங்கள். நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் படுக்கைகளின் எண்ணிக்கை ஒன்றுமேயில்லை. மருந்து கைக்கு வந்திருக்கிறது, ஆனால் படுக்கை இல்லாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் வேலை செய்யுமா?

இதற்கு விடை காண 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து தொடங்கின. தலைமை வாலஸ் ஃபாக்ஸ். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதிலிருந்து வளர்ந்ததுதான்.

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைத் தற்செயல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே. இருவருக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட்டும் பாஸ் என்ற அன்றைய இன்னொரு காசநோய் மருந்தும், ஓர் ஆண்டு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, இடவசதி. வீட்டில் இருந்தவர்களுக்கு ஒற்றை அறை, போதாத சாப்பாடு, முடிந்தபோது வேலை. ஓர் ஆண்டின் முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. நோயின் தொடக்கநிலையில் இருந்த வேறுபாடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, வீட்டுச் சிகிச்சை தாழ்ந்தது என்று சொல்ல இடமில்லை என்பது முடிவு. 1959-இல் வெளியானது.

எல்லோருக்கும் இருந்த பெரிய அச்சம் குடும்பத்தைப் பற்றியது. நோயாளியை வீட்டிலேயே வைத்தால் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடாதா? ஐந்து ஆண்டுகள் கவனித்தும் வீட்டில் வைத்துப் பார்த்த குடும்பங்களில் கூடுதல் நோய் காணப்படவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய மாதங்களிலேயே தொற்றிவிட்டிருந்தது. மருந்து தொடங்கியதும் பரவும் தன்மை விரைவாகக் குறைந்தது.

உலகின் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்த முடிவு முக்கியமான காரணம். நேரில் பார்த்து மாத்திரை கொடுப்பது, வாரம் இருமுறை மருந்து கொடுப்பது என்று பின்னாளில் உலகெங்கும் போன முறைகளுக்கும் இதே மையத்தின் 1960-களின் ஆய்வுகள் அடித்தளம் போட்டன. சென்னை உலகுக்குக் கொடுத்த அறிவுக் கொடைகளில் இது தலையானது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் இந்த ஆய்விலிருந்து இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. சரியான மருந்து கொடுத்தால் கிருமி அடங்குவதற்கு உணவு ஒரு பொருட்டல்ல என்பது அது. ஆய்வு கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். பிறகு வந்த பல ஆண்டுகளில் அந்தப் பதில் நீண்டுபோய், காசநோய் என்ற பிரச்சினைக்கே உணவு பொருட்டல்ல என்று திட்டங்களில் உட்கார்ந்துவிட்டது. நோய் வந்தவர் குணமாக உணவு எவ்வளவு உதவும் என்பது ஒரு கேள்வி. உணவில்லாததால் எத்தனை பேர் புதிதாக நோயாளி ஆகிறார்கள் என்பது வேறு கேள்வி. சேத்துப்பட்டு ஆய்வு இரண்டாவதைக் கேட்கவே இல்லை.

உணவு திரும்பி வந்த கதை

1985-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஜெஃப்ரி ரோஸ் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதினார். ஒரு மக்கள்கூட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் ஒரு காரணம், அந்தக் கூட்டத்துக்குள் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடும்போது கண்ணுக்குத் தெரியாது. எல்லோரும் பசித்திருக்கும் ஊரில், யாருக்கு நோய் வந்தது என்று ஒப்பிட்டால் பசி காரணமாகத் தோன்றாது. அந்த ஊரைப் பசியில்லாத ஊரோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

இங்கிலாந்தில் காசநோய் இறப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே தொடர்ந்து இறங்கியது. ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்குள் அந்த இறக்கத்தின் பெரும்பகுதி நடந்து முடிந்திருந்தது. உணவு மேம்பட்டதே முதன்மைக் காரணம் என்றார் பிரிட்டிஷ் மருத்துவ அறிஞர் தாமஸ் மக்கியோன். வீட்டுவசதி, நோயாளிகளைத் தனிமைப்படுத்தியது, நகராட்சிகளின் சுகாதாரப் பணி ஆகியவற்றை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று வரலாற்று ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த விவாதம் நியாயமானது. பழைய இறப்புப் பதிவேடுகளை வைத்து மட்டும் அதைத் தீர்த்துவிட முடியாது.

தீர்க்க ஓர் ஆய்வு தேவைப்பட்டது. அது ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்தது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் முன்னின்று நடத்தினார்கள். 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுக்கப்பட்டது. வீட்டில் உடனிருந்தவர்களில், தற்செயலாகத் தேர்ந்தெடுத்த குடும்பங்களுக்கு மட்டும், பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரைகள். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வந்தது 39 விழுக்காடு குறைவு. மற்றவருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைவு. 2023-இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது பொது சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தடுப்பூசி ஒன்று இந்த அளவுக்குப் பாதுகாப்புக் கொடுத்திருந்தால் உலகமே கொண்டாடியிருக்கும்.

அந்த நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு பிஎம்ஐ 18.5-க்குக் கீழ், அதாவது எடை போதாதவர்கள். சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடம் இறப்பு ஆபத்து 61 விழுக்காடு குறைவாக இருந்தது. நோயாளிக்கு அரசு தரும் மாத உதவித்தொகை 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரில் 1,000 ரூபாயானது. வீட்டில் உடனிருப்பவர்களுக்கும் உணவுப்பொதி தரலாம் என்று அதே காலத்தில் அறிவிக்கப்பட்டது. ஆய்வு காட்டிய பயன் உடனிருப்பவர்களிடம்தான். அந்தப் பொதி எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்கிறதா என்பதை மாவட்டவாரியாகக் கேட்க வேண்டும்.

தடுப்பூசி: செங்கல்பட்டின் பாடம்

பிரிட்டனில் 1950-களில் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில் பிசிஜி நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பாதுகாப்புக் கொடுத்தது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் தொடங்கிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராக அது பாதுகாப்பே தரவில்லை. ஏழரை ஆண்டுக் கணக்கும் பதினைந்து ஆண்டுக் கணக்கும் அதையே சொன்னன. மண்ணிலும் நீரிலும் இருக்கும் தீங்கற்ற உறவுக்காரக் கிருமிகள் இங்குள்ளவர்களின் எதிர்ப்பாற்றலை ஏற்கெனவே தொட்டுவிட்டதால் தடுப்பூசியின் கூடுதல் பங்கு தெரியாமல் போகிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கங்களில் ஒன்று. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும் உடல் முழுவதும் பரவும் வகையையும் பிசிஜி தடுப்பதால் பிறந்தவுடன் போடுவது தொடர்கிறது. பெரியவர்களிடமிருந்து பெரியவர்களுக்குப் பரவுவதை அது நிறுத்தாது.

தேடிப்போகாவிட்டால் தெரியாது

1963-இல் டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் பெங்களூரு தேசிய காசநோய் நிறுவனத்திலிருந்து ஒரு கிராம ஆய்வை வெளியிட்டார்கள். மக்கள் அறியாமையால் மருத்துவமனைக்கு வருவதில்லை என்பது அன்றைய நம்பிக்கை. இவர்கள் பார்த்தது வேறு. அறிகுறி இருந்த நோயாளிகளில் பாதிப் பேர் ஏற்கெனவே அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். இருமல் மருந்து பாட்டிலோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். தவறு எந்தப் பக்கம் என்பதை இந்த ஆய்வு மாற்றி எழுதியது. 1962-இல் தொடங்கிய தேசியத் திட்டம், காசநோயைத் தனி மருத்துவமனைகளில் வைக்காமல் பொது மருத்துவமனைகளோடு இணைத்ததற்கு இந்தச் சிந்தனையே பின்புலம்.

2019-21-இல் நடந்த தேசிய அளவிலான கணக்கெடுப்பு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினருக்கு, கேட்டால் சொல்லும்படியான அறிகுறியே இல்லை, எக்ஸ்-ரேயால்தான் தெரிந்தார்கள். இருமலுக்காகக் காத்திருக்கும் எந்தத் திட்டமும் இவர்களைத் தொடாது. சளியை நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு மில்லிலிட்டரில் 5,000 முதல் 10,000 கிருமிகள் வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறு பரிசோதனைக்குச் சில நூறு போதும், அதுவே ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் சொல்லிவிடும். ஆக, முதலில் எக்ஸ்-ரே, பிறகு மூலக்கூறு பரிசோதனை என்ற வரிசை இன்று பரிந்துரைக்கப்படுகிறது.

இறப்பைத் தடுப்பது தனி வேலை

காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நடக்கிறது. மாத்திரை கையில் இருக்கும்போதே இறக்கிறார்கள். 2022-இல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதைக் குறிவைத்தது. ஆய்வகம் எதுவும் தேவைப்படாத சில அளவீடுகள் போதும் என்றது:

1. பிஎம்ஐ 14 அல்லது அதற்குக் கீழா? அல்லது 16 வரை இருந்து இரு கால்களிலும் வீக்கம் இருக்கிறதா?
2. மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேலா, இரத்த ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழா?
3. துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா?

இவற்றில் ஒன்று மோசமாக இருந்தாலும் உடனே விரிவான பரிசோதனை, தேவைப்பட்டால் உள்நோயாளியாகச் சேர்ப்பு. சேத்துப்பட்டு ஆய்வு சானடோரியத்தை மூடியது என்று சொன்னேன். அது எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பச் சொன்னதாகப் புரிந்துகொள்வதும் தவறு. யாரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று எடைபார்க்கும் கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியும் சொல்லிவிடும்.

செய்தியில் வரும் எண்களைப் படிக்கும் முறை

1. நிகழ்வு வீதம்: ஓர் ஆண்டில் ஒரு லட்சம் பேரில் எத்தனை பேருக்குப் புதிதாக நோய் வந்தது. 237, 187 என்பவை இந்த வகை. இவை எண்ணப்பட்டவை அல்ல, மதிப்பிடப்பட்டவை. கணிப்பு முறை மாறினால் பழைய ஆண்டுகளின் எண்ணும் மாறும்.

2. பதிவான நோயாளிகள்: அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் மருத்துவமனைகள் பதிவு செய்த நோயாளிகள். தனியார் மருத்துவர்களும் தெரிவிக்க வேண்டும் என்று 2012-இல் உத்தரவானது. தேடுதல் கூடினால் இந்த எண் ஏறும். அதை நோய் அதிகரித்துவிட்டது என்று தலைப்பிடுவது தவறு. தேடுதல் படுத்துவிட்டால் எண் இறங்கும், 2020-இல் கொரோனா காலத்தில் இறங்கியதுபோல. அது நல்ல செய்தி அல்ல.

3. நோய் இருப்பு வீதம்: ஒரு குறிப்பிட்ட காலத்தில் எத்தனை பேர் நோயோடு இருக்கிறார்கள். 2019-21 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஒரு லட்சத்துக்கு 312. புதிய நோயாளிகளின் வீதத்தை, ஒருவர் நோயோடு இருக்கும் சராசரிக் காலத்தால் பெருக்கினால் ஏறத்தாழ இது கிடைக்கும். ஆகவே விரைவாகக் கண்டுபிடித்துக் குணப்படுத்தினால், புதிய நோயாளிகள் குறையாமலே இது முதலில் இறங்கும்.

4. இறப்பு: இரண்டு விதமாகச் சொல்வார்கள், கீழே வகுக்கும் எண் வேறு. ஒரு லட்சம் மக்களில் எத்தனை பேர் காசநோயால் இறந்தார்கள் என்பது ஒன்று. கண்டறியப்பட்ட நோயாளிகள் 100 பேரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது மற்றொன்று. ஒரு மாவட்டம் எக்ஸ்-ரே முகாம் நடத்தி, அறிகுறியில்லாத லேசான நோயாளிகளை நிறையக் கண்டுபிடித்தால், ஓர் உயிரையும் கூடுதலாகக் காப்பாற்றாமலேயே இந்த இரண்டாவது எண் இறங்கிவிடும். அதனால் இரண்டு மாவட்டங்களை ஒப்பிடும்போது, பதிவானபோது நோயாளிகளின் பிஎம்ஐ என்ன, எழுந்து நின்றார்களா என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இறப்பை வைத்துப் பார்க்க வேண்டும்.